ஒத்தை ஆள் படம்

எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்தில் இருப்பவள் நான்தான். சொன்னால் வருகிறவர்கள் என்னை ஒருமுறை, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு "அப்படியுங்களா" என்பார்கள். நம்பவில்லை என்று அர்த்தம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. படத்தில் என் முகம் முக்கால்வாசி அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு காது, கொஞ்சம் கன்னம், அவிழ்ந்த கொண்டை, அவ்வளவுதான் தெரியும்.

வரைந்தவள் என் அக்கா மகள். சென்னையில் ஓவியம் படித்தவள். போன கோடையில் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குள் கட்டிய வீடு எங்களுடையது. கூடம் பெரிது, ஆள் நடமாட்டம் குறைவு, பெரிய படம் ஒன்று வரைய அந்த மாதிரி இடம் வேண்டும் என்று கேட்டு வந்தாள். மலையை வரை சாமி, பார்க்க லட்சணமாக இருக்கும் என்று செல்லமாகச் சொல்லிப் பார்த்தேன். அவளோ பென்சிலும் தாளுமாக என் பின்னாலேயே சுற்றினாள். எருமைக்குத் தவிடு கலக்கினால் வருவாள், துணி மடித்தால் வருவாள். மலை வேண்டாம் என்று என்னை வரைகிறாளே, இவளுக்கு என்ன ரசனை என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் லாரியோடு வடக்கே போய்விடுவார். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று தண்ணீர் இல்லாத ஊர்களாகத் தேடிப் போவார். அங்கே மழை பிடித்து வண்டி சேற்றில் நகராது என்று ஆனதும் இங்கே வருவார். இரண்டு மாதம் இருப்பார், அப்புறம் கிளம்பிவிடுவார். முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் குடித்தனம் இப்படித்தான். மகன் பெங்களூரில் இருக்கிறான். ஆக வீட்டில் நான் ஒருத்தி, கொட்டகையில் இரண்டு எருமைகள்.

படம் பாதி வளர்ந்திருந்தபோதுதான் அவர் போனில் அந்தச் செய்தியைச் சொன்னார். இடுப்பு வலி தாங்கவில்லை, வண்டியைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிடுகிறேன், ஆனியில் வந்தால் இனிமேல் திரும்பிப் போகப் போவதில்லை என்றார். "சந்தோசங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. அவரை எனக்குப் பிடிக்கும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வாயில் கெட்ட வார்த்தை வராது. ஆனால் விருந்தாளி மாதிரி வந்து போனவரோடு வருஷம் பூராவும் எப்படி இருப்பது? எங்கள் இருவருக்கும் ஒத்து வருமா? இதை யாரிடம் போய்க் கேட்பது? புருஷன் வீட்டுக்கு வருகிறான் என்று ஒருத்தி கவலைப்பட்டால் ஊரே சிரிக்கும்.

படம் முடிந்த அன்று அக்கா மகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எங்கள் கூடம், எங்கள் சாப்பாட்டு மேசை. ஆனால் மேசையை இருக்கிறதைவிட நீளமாக இழுத்திருந்தாள். அதன் ஒரு கோடியில் நான், ஒரு காலை நாற்காலி மேலே மடித்து வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளர். மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி. படத்தில் பாதிக்கு மேல் வெறும் சுவர்தான். அதுவும் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்தில்.

முதலில் என் கண்ணில் பட்டது சுவர்தான். எங்கள் சுவர் ரோஸ் கலர், நானே கடைக்குப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, இதென்ன பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். வெயில் இறங்கிய பிறகு அது இப்படித்தான் தெரிகிறது, நீங்களே பாருங்கள் சித்தி என்றாள். அன்று சாயங்காலம் வேலையை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது சரி. வேப்பமரத்துப் பச்சை சன்னல் வழியாக வந்து ரோஸை விழுங்கிவிடுகிறது. இத்தனை வருஷம் அந்தச் சுவருக்குள் இருந்தும் இது எனக்குத் தெரியாது. அதிலிருந்து ஒரு பைத்தியம் பிடித்தது. கொத்தமல்லி ஆயும்போதுகூட இது என்ன பச்சை என்று பார்க்க ஆரம்பித்தேன்.

படத்தைக் கூடத்தின் தெற்குச் சுவரில் மாட்டினாள். அங்கேதான் வெளிச்சம் சரியாக விழுகிறதாம். அவள் சென்னைக்குப் போன பிறகு, சேதி பரவிப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருத்தி, காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி இருக்கிறேன் என்றாள். இன்னொருத்தி, எந்நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பீங்களாட்டம் இருக்குது பாவம் என்று கண் கலங்கினாள். சேலத்தில் கல்லூரியில் பாடம் நடத்தும் என் ஒன்றுவிட்ட தம்பி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, பிரிவுத்துயரம் என்று ஒரே சொல்லில் முடித்தான். காலி நாற்காலி ஒவ்வொன்றும் வடக்கே போனவரின் குறியீடாம். குறியீடு இருக்கட்டும், காப்பி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அப்படியா இருக்கிறேன் நான்? அக்கா மகளுக்குப் போன் போட்டு, நீ என்ன நினைத்து வரைந்தாய், நான் சோகமாக இருந்தேனா என்று கேட்டேன். அவள் பதிலைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். "நான் பாத்தேன், வரைஞ்சேன் சித்தி. உள்ள என்ன ஓடுச்சுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். இதைத் தெரிந்துகொள்ளத்தான் சென்னை வரைக்கும் போய்ப் படித்தாயா என்றேன்.

சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு நாள் அதே நாற்காலியில், அதே மாதிரி காலை மடித்து, டம்ளரில் காப்பியோடு உட்கார்ந்தேன். என்ன வருகிறது என்று பார்த்தேன். துக்கம் வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வேப்பமரத்தில் ஒரு அணில் ஓடியது. தூரத்தில் முட்டை வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. காப்பி ஆறியது. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்று தோன்றியபோது உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியது. அட, இதுதானா என்று நினைத்தேன். உடனே பயமும் வந்தது. ஆனி பிறக்க அதிக நாள் இல்லை.

அவர் வந்தார். பையைக் கீழே வைத்ததும் படத்தைப் பார்த்தார். இதை முதலிலேயே போனில் சொல்லியிருந்தேன். எல்லாரும் என்ன சொன்னார்கள் என்றும் ஒரு சிரிப்போடு சொல்லியிருந்தேன். வெகு நேரம் பார்த்தார். என்னையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அப்புறம் "நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தலை வெடித்தது. கேட்டால் சொல்லும் ஆள் இல்லை. அடுத்தடுத்த நாட்களிலும் காப்பி குடிக்கும்போது அவர் கண் அங்கேதான் போனது. நான் பார்ப்பது தெரிந்தால் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய பழைய வண்டியின் மேனேஜர், அவர் விட்டுவிட்டு வந்த தகரப் பெட்டியைக் கொடுக்க வந்தார். நான் பின்னால் எருமை கறந்துகொண்டிருந்தேன். இவர் குளியலறையில். கதவு திறந்திருந்ததால் மேனேஜர் உள்ளே வந்திருக்கிறார். வந்தவர் கண்ணில் தெற்குச் சுவரில் தனியாக ஒரு பெண் படம், பெரிய சட்டம் போட்டது. எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் சுவரில் ஜோடியாகவோ குடும்பத்தோடோதான் தொங்குவார்கள். தனியாகத் தொங்குகிறவர்கள் போய்ச் சேர்ந்தவர்கள். மனிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டபடி நின்றுவிட்டார். இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்ததும், "ஒரு வார்த்தை சொல்லி உட்டிருக்கக் கூடாதுங்களாண்ணா, எப்ப ஆச்சுங்க" என்று கேட்டிருக்கிறார்.

நான் பால் சொம்போடு உள்ளே நுழைந்தேன். மேனேஜர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அண்ணன் திடீரென்று வண்டியை விட்டுவிட்டுக் கிளம்பியதற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாராம். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது, ஒத்தை ஆள் படத்தை வீட்டில் மாட்டக் கூடாது, பக்கத்து நாற்காலியில் என்னையும் சேர்த்து வரையச் சொல் என்றார். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார். அவரைச் சொல்லிப் பயனில்லை. எங்கள் மகன் காதுகுத்துப் போட்டோவிலேயே அவர் அப்படித்தான் இருக்கிறார். அப்போது வண்டி ராஜஸ்தானில் நின்றது. ஸ்டுடியோக்காரர் வேறொரு போட்டோவிலிருந்து அவரை வெட்டியெடுத்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டார். நாங்கள் எல்லாரும் நிழலில் நிற்போம், அவர் சட்டையில் மட்டும் வெயில் அடிக்கும். ரிக்குக்குப் போகிற வீடுகளில் இப்படி ஒரு போட்டோவாவது இருக்கும். வராதவரைச் சேர்த்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கம்தான்.

அக்கா மகளிடம் அவரே பேசினார். முதலில் அவள் சிரித்தது எனக்கே கேட்டது. அப்புறம் சொன்னதை அவர்தான் எனக்குச் சொன்னார். படம் உங்களுடையது சித்தப்பா, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் நான் செய்ய மாட்டேன், செய்தால் அது வேறு படம் என்றாளாம். அவர் சரி சாமி என்று வைத்துவிட்டார். அதோடு விட்டது என்று நானும் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு விசேஷத்துச் சீர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரி வேலியோரம் நின்று சொன்னாள், அண்ணன் படத்தைப் போர்வையில் சுற்றிக் குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு நாமக்கல் போனார், அங்கே லாரிப் பட்டறையில் பெயிண்டரிடம் கொடுக்கிறதாகச் சொன்னார் என்று. எனக்குப் புரிந்துவிட்டது. அவருடைய ரிக் லாரிக்குப் பாடி கட்டிய பட்டறை அது. அங்கே இருக்கும் பெயிண்டர் லாரி முதுகில் கழுகு வரைவார், தாமரை வரைவார், ஓனர் குழந்தைகளின் முகத்தைப் பார்த்து வரைவார். குழந்தைகளுக்கெல்லாம் ஒரே ஆப்பிள் கன்னம்.

கட்டியிருந்த பட்டுச் சேலையோடு பஸ் ஏறினேன். நாமக்கல் போய்ச் சேரும்வரை மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகப் போகிறது, ஆப்பிள் கன்னத்தோடு ஒரு மீசைக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கப்போகிறார் என்று பொருமினேன். கோழிப்பண்ணை வாசனை பஸ்ஸுக்குள் வந்து போனபோது கொஞ்சம் நிதானம் வந்தது. ஒரு படத்துக்காகவா இவ்வளவு கோபம்? கேட்டுப் பார்த்தேன். ஆமாம் என்றது மனது. அந்தப் படத்தில் மட்டுமாவது அவர் வராமல் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன். நினைத்துவிட்டு அதிர்ந்துபோனேன்.

பட்டறையில் பாதி கட்டிய லாரிகள் மரச்சட்டத்தோடு நின்றன. வெல்டிங் பொறியும் தின்னர் நெடியுமாக இருந்தது. ஒரு லாரியைச் சுற்றிப் போனதும் அவர் தெரிந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது. பட்டறையின் கடைசியில் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, முழங்கால் மேல் கைகளை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெயிண்டரைக் காணவில்லை.

கத்துவதற்குத்தான் போனேன். லாரி ஓரத்திலேயே நின்றுவிட்டேன். பின்னாலிருந்து அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது. அவர் வந்தால் ஓட்டமாக ஓடுவேன், சோறு போடுவேன், துணி துவைப்பேன், நின்று எங்கே பார்த்தேன்? காலர் கழுத்துக்குப் பெரிதாகியிருந்தது. காதுக்குப் பின்னால் வெயில் பட்டுக் கறுத்த இடமும் படாத இடமும் கோடு போட்டது போலத் தெரிந்தது. சோகமாக இருக்கிறாரா, சும்மா இருக்கிறாரா, இடுப்பு வலிக்கிறதா என்று எவ்வளவு பார்த்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா மகள் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

பெயிண்டர் டப்பாவைக் கலக்கிக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும், பணிவான ஆள். என்னைப் பார்த்ததும், "நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. மீசை கருப்பா வெச்சரலாங்களா, இருக்கிற மாதிரியே நரையா இருக்கட்டுங்களா" என்று கேட்டார். இன்னும் பெயிண்ட் தொடவில்லை, சாக்பீஸில் கோடு மட்டும் போட்டிருந்தார். என் பக்கத்து நாற்காலியில், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நேராக ஒரு உருவம். நானோ சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

மீசையைப் பத்தி அப்புறம் சொல்றோம் என்று அவரை டீக்கடைக்கு அனுப்பினேன். அங்கே கிடந்த ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் படத்தைப் பார்த்தோம்.

"ரெண்டு பேரும் சண்ட போட்டுட்டு உக்காந்தாப்பல இருக்குதுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஊரில் பாவம் பாவம் என்று சொல்கிறவர்கள் பேச்சை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் கிடக்கிறார்கள் என்றேன். மேனேஜர் சொன்னதையும் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை.

"அவிய சொன்னது எனக்கொண்ணுமில்ல புள்ள. நீ ஏங்கிட்டு இருந்தா நல்லதுதான? நான் வந்து உக்காந்துட்டாத் தீந்துது. இதுல நீ ஏங்கவே இல்லியே."

அவரே தொடர்ந்தார்.

"இந்த மேசையில நீ உக்காந்து நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்ல. நான் இருந்தா நின்னுட்டுச் சோறு போடறே, பொறவு அடுப்படியில போய்த் திங்கறே. காலத் தூக்கி வெச்சுட்டு இப்படி உக்காருவீன்னு இதப் பாத்துத்தான் தெரியும். நான் இல்லாதபோது நல்லாத்தான் இருக்கறே. எனக்குத்தான் எங்க எடமிருக்குதுன்னு தெரியல."

இத்தனை பேர் பார்த்துவிட்டுப் போன படம் அது. சுவரின் பச்சையைக்கூடக் கண்டுபிடித்தவள் நான். அந்த மேசையில் அவர் இருக்கும்போது நான் உட்கார்ந்ததே இல்லை என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அப்படியெல்லாம் இல்லைங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். போனில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று. சரளமாக வரும். அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அது வரவில்லை.

"ஆமாங்க" என்றேன். "எடமில்லீங்க. இனித்தான் பண்ணோணும்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்து லாரியில் ஆணி அடிக்கிற சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. எத்தனை நாளாகும் என்று கேட்டார். போர் போடுகிற இடத்தில் நிலத்துக்காரர்கள் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று அவரிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார். தெரியலைங்க என்றேன். அவரும் அவர்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாளியில் கிடந்த துணியைப் பிழிந்து எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் போனார். என் மேல் ஈரம் படாமல், சாக்பீஸ் கோட்டை மட்டும் மெதுவாகத் துடைத்தார். முதலில் மீசை, அப்புறம் முகம், தோள், கை. முழங்காலுக்குக் கீழே குனிய முடியவில்லை. துணியை என்னிடம் நீட்டினார். மீதியை நான் துடைத்தேன்.